14 மனு, 11 இடம், 3 தள்ளுபடி: கூட்டுறவு சங்கத் தேர்தலில் வேட்புமனு நிராகரிப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கம் ஒன்றில் நிர்வாகக் குழுவுக்கு 11 இடம். வந்த மனுக்கள் 14. பரிசீலனையில் 3 தள்ளுபடி. மிச்சம் 11 பேரும் போட்டியின்றித் தேர்வு. வாக்குப்பெட்டிக்கு வேலையே இல்லை. கூட்டுறவுத் தேர்தல் தகராறுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஓட்டு எண்ணிக்கையில் தோற்பவரைவிட, பரிசீலனை மேசையில் தோற்பவர்தான் இங்கே அதிகம் வழக்குக்குப் போகிறார். தள்ளப்படும் மனுக்களின் எண்ணிக்கை, இடங்களைவிடக் கூடுதலாக வந்த மனுக்களின் எண்ணிக்கைக்கு அச்சாகப் பொருந்தினால் சந்தேகம் எழத்தான் செய்யும். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு மட்டும் தேர்தலை ரத்து செய்துவிட முடியாது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரி நிகழ்வு. டெல்டா மாவட்டச் சங்கம், 2018 தேர்தல் காலம் என்று வைத்துக்கொள்ளலாம். எந்த ஒரு சங்கத்தின் கதையும் அல்ல. மனுக்களில் திரும்பத் திரும்ப வரும் மூன்று வகைக் காரணங்களை ஒரே சங்கத்தில் சேர்த்து வைத்திருக்கிறோம். சட்டமும் தீர்ப்புகளும் தேதிகளும் மட்டும் உள்ளபடி. அந்த ஆண்டில் மனுவை வாங்கவே மறுத்தார்கள், காரணம் சொல்லாமல் தள்ளினார்கள் என்ற புகார்கள் பல மாவட்டங்களிலிருந்தும் எழுந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தேர்தல் நடைமுறைக்கு இடைக்காலத் தடை விதிக்கும் அளவுக்கு விவகாரம் போயிற்று.

முதல் மனு: கடன் நிலுவை

முதலாமவர் 4 ஏக்கர் சம்பா விவசாயி. 2016-ல் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியவர். அந்தப் பருவம் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டு, குறுகிய காலப் பயிர்க்கடன்களை மத்திய காலக் கடனாக மாற்ற அரசு முடிவெடுத்தது. இவர் கடனும் அப்படி மாற்றப்பட்டது. மாற்றப்பட்ட கடனுக்குத் தவணைத் தேதிகள் புதிது. அந்தத் தேதி வராதவரை அவர் கடன்காரர்தானே தவிர, தவணை தவறியவர் அல்லர்.

பரிசீலனையில் தேர்தல் அலுவலர் கையில் இருந்தது சங்கச் செயலாளர் கொடுத்த நிலுவைதாரர் பட்டியல். அதில் இவர் பெயர், அசல், வட்டி, பழைய தவணைத் தேதி. கடன் மாற்றம் மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியின் ஒப்புதல் பட்டியலில் ஏறியிருந்தது. சங்கத்தின் கடன் பேரேட்டில் அந்தப் பக்கத்துக்குப் பதிவு மாற்றப்படவில்லை. "நிலுவைதாரர் – தள்ளுபடி" என்று இரண்டு சொல்லில் முடிந்தது.

தமிழ்நாடு கூட்டுறவு சங்கங்கள் சட்டம் 1983-இன் பிரிவு 34, நிர்வாகக் குழு உறுப்பினராவதற்கான தகுதியின்மைகளைச் சொல்கிறது. தவணை தவறியது அதில் முக்கியமான ஒன்று. ஆகவே கடன் பாக்கி என்பதைக் காட்டினால் மட்டும் போதாது. எந்தக் கடன், எந்தத் தேதியில் கெடு முடிந்தது, பரிசீலனை நாளன்று எவ்வளவு தவறியிருந்தது என்ற மூன்றையும் காட்ட வேண்டும். செயலாளரின் பட்டியல் ஒரு தகவல்தான். பேரேட்டுக்கும் ஒப்புதல் ஆணைக்கும் அது ஈடாகாது. இந்த மனுவைத் தள்ளியது நிற்காது என்பதே எங்கள் கணிப்பு. ஒரு நிபந்தனை: வங்கியின் ஒப்புதல் பட்டியலின் சான்றிட்ட நகல் மனுதாரர் கையில் இருக்க வேண்டும்.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. 2016-ல் அறிவிக்கப்பட்ட 5,780 கோடி ரூபாய் கடன் தள்ளுபடி சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும். எல்லா விவசாயிகளுக்கும் நீட்டிக்கச் சொல்லி 2017 ஏப்ரலில் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 5 ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவர்களில், "எப்படியும் தள்ளுபடி ஆகிவிடும்" என்று அந்த வழக்கை நம்பிக் கட்டாமல் இருந்தவர், 2018-ல் மனுப் போட வந்தபோது உண்மையிலேயே நிலுவைதாரர். அவருடைய மனுவைத் தள்ளியது சரிதான். இரண்டு பேரும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிசையில் இருப்பார்கள். பட்டியலை மட்டும் பார்த்தால் வேறுபாடு தெரியாது.

பிணையக் கையெழுத்துப் போட்டவர்களும் கவனிக்க வேண்டும். தன் கடனை ஒரு நாள் பிசகாமல் கட்டியவர்கூட, மைத்துனருக்கு ஜாமீன் நின்ற கடனை வைத்து ஆட்சேபிக்கப்படலாம். ஜாமீன்தாரரையும் தவணை தவறியவராகக் கொள்ளலாமா என்பது வாதத்துக்கு உரியது. அந்த வாதத்தைப் பரிசீலனை மேசையில் வைத்து ஜெயிப்பது கடினம். மனுத் தாக்கலுக்கு முன்பே அந்தக் கணக்கையும் நேர் செய்துகொள்வது மலிவு.

இரண்டாவது மனு: வரிசை எண்

வழிமொழிந்தவரின் வாக்காளர் வரிசை எண் 412. படிவத்தில் 421 என்று எழுதப்பட்டிருந்தது. 421-ல் வேறொருவர். "வழிமொழிந்தவர் வாக்காளர் அல்லர்" என்று தள்ளுபடி.

மூன்றில் வலுவான வழக்கு இதுதான். வழிமொழிந்தவரின் பெயர், தந்தை பெயர், உறுப்பினர் எண், ஊர் எல்லாம் படிவத்தில் சரியாக இருக்கின்றன. இறுதி வாக்காளர் பட்டியலில் ஒரு பக்கம் முன்னே புரட்டினால் ஆள் கிடைக்கிறார். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கான மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 36(4)-ல், கணிசமானதல்லாத குறைக்காக மனுவைத் தள்ளக்கூடாது என்கிறது. அந்தச் சட்டம் கூட்டுறவு சங்கத்துக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அதன் அடிப்படையிலேயே வாதம் கட்டப்படுகிறது: ஆளை அடையாளம் காண முடிகிறதா, அந்த ஆளுக்கு வாக்குரிமை இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் எண் மாறியது எழுத்துப்பிழை.

இதிலேயே ஒரு மாற்றம் நடந்தால் வழக்கு தலைகீழாகிவிடும். வழிமொழிந்தவர் இணை உறுப்பினராக இருந்தால்? இணை உறுப்பினருக்கு வாக்கில்லை. பட்டியலில் எங்குமே பெயர் இருக்காது. அப்போது அந்தக் குறையைப் பிழைதிருத்தம் என்று சொல்லித் தப்ப முடியாது. நகைக்கடனுக்காகச் சங்கத்தில் சேர்ந்த பலர் இணை உறுப்பினர்கள்தான். தாங்களும் 'உறுப்பினர்' என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். முன்மொழிபவரையும் வழிமொழிபவரையும் உறுப்பினர் அட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இறுதி வாக்காளர் பட்டியலைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது மனு: "கையெழுத்து என்னுடையதல்ல"

முன்மொழிந்தவர் பரிசீலனை நேரத்தில் வந்து, தான் கையெழுத்துப் போடவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அலுவலர் தள்ளுபடி செய்தார். வேட்பாளர் தரப்பில், "நேற்று ராத்திரி அவர் வீட்டுக்கு ஆள் போயிருக்கிறது" என்றார்கள்.

இது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் இந்த மனுவுக்கு வாய்ப்புக் குறைவு என்றே சொல்வோம். அலுவலர் முன்னால் ஒருவர் நேரில் நின்று மறுக்கிறார். அலுவலர் செய்யக்கூடியது சுருக்கமான விசாரணை. சங்கத்தின் உறுப்பினர் சேர்க்கை விண்ணப்பத்திலும் கடன் பத்திரத்திலும் அவருடைய கையெழுத்து இருக்கும். அவற்றை எடுத்து ஒப்பிட்டாரா என்பதே அலுவலர்மீது வைக்கக்கூடிய கேள்வி. ஒப்பிடச் சொல்லி வேட்பாளர் அங்கேயே எழுத்தில் கேட்டிருந்தால், அலுவலர் மறுத்திருந்தால், அது பின்னால் பெரிய ஆயுதம். வாயால் கேட்டுவிட்டுச் சத்தம் போட்டுவிட்டு வெளியே வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. மாதிரி நிகழ்வில் நடந்தது இரண்டாவது.

இந்த வகைக்குத் தடுப்பு ஒன்றுதான்: வேறு வேறு ஆட்கள் முன்மொழிந்த கூடுதல் படிவம். சட்டமன்றத் தேர்தலில் ஒருவர் 4 படிவம் வரை கொடுக்கலாம். சங்கத் தேர்தலில் எத்தனை படிவம் அனுமதி என்பதைத் தேர்தல் அறிவிப்பில் பார்த்துக்கொண்டு, முடிந்தால் இரண்டாவது படிவமும் போட்டுவிட வேண்டும். முன்மொழிபவரைக் கூடவே அழைத்துக்கொண்டு போய் அலுவலர் கண்ணெதிரே கையெழுத்துப் போட வைப்பது இன்னும் நல்லது.

உயர் நீதிமன்றக் கதவு ஏன் திறப்பதில்லை

மூவரும் மறுநாளே ரிட் மனுவோடு ஓடினார்கள். எல்லோரும் ஓடுவார்கள். கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: தேர்தல் முடியட்டும், கூட்டுறவு சங்கங்கள் சட்டத்தின் பிரிவு 90-இன் கீழ்ப் போங்கள்.

இந்தப் பதிலின் வேர் நாமக்கல்லில் இருக்கிறது. முதல் பொதுத் தேர்தலில் நாமக்கல் சட்டமன்றத் தொகுதிக்கு மனுத் தாக்கல் செய்த என்.பி. பொன்னுசாமியின் மனு 1951 நவம்பர் 28 அன்று தள்ளுபடியானது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. 1952 ஜனவரி 21-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 'தேர்தல்' என்பது வாக்குப்பதிவு மட்டுமல்ல, அறிவிப்பில் தொடங்கி முடிவு அறிவிப்பு வரைக்கும் நீளும் முழு நடைமுறை. மனுப் பரிசீலனையும் அதற்குள் அடக்கம். நடுவில் எழும் குறையை முடிவுக்குப் பின் தேர்தல் வழக்கில்தான் எழுப்ப வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்பு, நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தலைத் தேர்தல் வழக்கின் மூலமே எதிர்க்கலாம் என்னும் அரசியல் சட்டத்தின் 329(பி)-யை வைத்து எழுதப்பட்டது. அந்தக் கூறு கூட்டுறவு சங்கத்தைத் தொடாது. ஆனாலும் போட்டியிடும் உரிமையைத் தந்த சட்டமே அதற்கான பரிகாரத்தையும் தந்திருந்தால் அந்த வழியில்தான் போக வேண்டும் என்ற கொள்கை நகராட்சி, ஊராட்சி, கூட்டுறவு என எல்லாத் தேர்தலுக்கும் பரவிவிட்டது. மகாராஷ்டிரப் பால் சங்க வழக்கொன்றில் 2001-ல் உச்ச நீதிமன்றம் வாக்காளர் பட்டியல் தயாரிப்பைக்கூடத் தேர்தல் நடைமுறையின் ஒரு கட்டமாகக் கருதித் தலையிட மறுத்திருக்கிறது.

தமிழ்நாட்டுச் சட்டம் இதை இன்னும் இறுக்கிக் கட்டியிருக்கிறது. பிரிவு 90 குழுவின் அமைப்பு தொடர்பான தகராறுகளைப் பதிவாளரிடம் அனுப்புகிறது. அதே பிரிவின் நிபந்தனை, தேர்தல் தொடர்பான தகராறை முடிவு அறிவிக்கப்படும் நாள்வரை அனுப்பக்கூடாது என்கிறது. பிரிவு 156 உரிமையியல் நீதிமன்றத்தை அடைக்கிறது. ஆகப் பரிசீலனை நாளுக்கும் முடிவு நாளுக்கும் இடையே, தள்ளப்பட்டவருக்குச் சட்டத்தில் போக இடமில்லை.

ரிட் முற்றிலும் வீண் என்று சொல்ல வரவில்லை. அதைத் தடை கேட்டுப் போடுவதுதான் தவறு. 2000-ல் அசோக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேர்தலை நிறுத்தாமல், அழிந்துபோகக்கூடிய ஆதாரத்தைப் பாதுகாக்கும் அளவுக்கு நீதிமன்றம் தலையிடலாம் என்றது. தள்ளுபடியான மனுக்களின் அசல், பரிசீலனைப் பதிவேடு, கண்காணிப்புக் கேமரா பதிவு ஆகியவற்றைப் பத்திரப்படுத்தச் சொல்லும் மனுவுக்கு நியாயமான வாய்ப்பு உண்டு. மனுவை வாங்கவே மறுத்தது, அறிவிப்பே ஒட்டாதது போன்றவற்றிலும் வாதம் வலுவாக இருக்கும். பிரதிவாதியாகத் தேர்தல் அலுவலரையும் மாநிலக் கூட்டுறவு சங்கத் தேர்தல் ஆணையத்தையும் முன்னால் நிறுத்த வேண்டும். சங்கத்தை மட்டும் சேர்த்துப் போனால், 2006-ல் மாரப்பன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு சங்கங்களுக்கு எதிரான ரிட்டுக்கு வகுத்த வரம்பு குறுக்கே வந்து நிற்கும்.

கூட்டுறவு சங்கங்களுக்கென அரசியல் சட்டத்தில் 9பி என்ற பகுதியைச் சேர்த்த 2011-இன் 97-வது திருத்தத்தை மேற்கோள் காட்டும் வழக்கு மனுக்கள் இன்னும் வருகின்றன. மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அந்தப் பகுதி செல்லாது என்று 2021 ஜூலை 20-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் கூட்டுறவு சங்கங்களுக்குத்தான் அது மிஞ்சியிருக்கிறது.

பிரிவு 90 மனுவில் எங்கே சறுக்குகிறது

பதிவாளரின் சார்பில் விசாரிக்கும் சரகத் துணைப்பதிவாளர் முன்னால் பிரிவு 90 மனு போகிறது. தேர்தல் நடத்திய அலுவலரும் பெரும்பாலும் அதே துறைக்காரர். இந்தக் கசப்பு எல்லோருக்கும் உண்டு. அதை மனுவில் நாலு பத்தி எழுதிப் பயனில்லை. பதிவேடு பேசும்படி வழக்கைக் கட்டினால், இங்கே தோற்றாலும் பிரிவு 152-இன் கீழ்த் தீர்ப்பாயத்தில், அதாவது மாவட்ட நீதிபதியிடம், அந்தப் பதிவேட்டை வைத்தே மேல்முறையீடு நடத்தலாம்.

முதல் சறுக்கல், தரப்பினரைச் சேர்ப்பதில். மாதிரி நிகழ்வில் மூவரும் தேர்தல் அலுவலர், செயலாளர், தலைவர் மூவரை மட்டும் எதிர்மனுதாரராகச் சேர்த்தார்கள். போட்டியின்றி வந்த மற்ற 10 பேர் இல்லை. அவர்கள் பதவியைப் பறிக்கும் உத்தரவை, அவர்களைக் கேட்காமல் யாரும் போட மாட்டார்கள். 11 பேரையும் பெயர், முகவரியோடு முதல் நாளிலேயே சேர்க்க வேண்டும். பிறகு சேர்க்கிறேன் என்றால் காலவரம்பு ஆட்சேபணை வரும். கேரளத்தில் இந்த வரம்பு தேர்தல் நாளிலிருந்து 1 மாதம், மகாராஷ்டிரத்தில் முடிவிலிருந்து 2 மாதம். எங்கே என்றாலும் முடிவு வந்த வாரத்திலேயே மனுத் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, எந்த இடத்தைக் கேட்பது என்பதில். பொதுப் பிரிவில் மனு தள்ளப்பட்டவர் பெண்களுக்கான ஒதுக்கீட்டு இடங்களையும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான இடங்களையும் சேர்த்து ரத்து கேட்டால், கேட்டது அதிகம் என்ற காரணத்துக்கே வழக்கு இழுபடும். தன் மனு எந்தப் பிரிவுக்கோ அந்தப் பிரிவின் பட்டியல்தான் கெட்டது. அதை மட்டும் கேட்டால் போதும்.

மூன்றாவது, 'முடிவு மாறியிருக்கும்' என்று நிரூபிக்கப் பார்ப்பது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில், மனுவை முறையற்று ஏற்றால் முடிவு பாதித்ததைக் காட்ட வேண்டும். முறையற்றுத் தள்ளினால் அதைக் காட்ட வேண்டியதில்லை, தேர்தல் செல்லாது. களத்திலேயே இல்லாதவருக்கு எத்தனை ஓட்டு விழுந்திருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது என்பதே காரணம். இந்த வேறுபாட்டைச் சங்க வழக்கிலும் எடுத்து வைக்கலாம். 'எனக்கு 600 உறுப்பினர் ஆதரவு' என்று உறுதிமொழிப் பத்திரம் திரட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை.

நான்காவதுதான் பெரியது: காரணத்தை மாற்ற விடுவது. முதலாமவர் வழக்கில் கடன் மாற்ற ஆணை வெளியே வந்ததும், எதிர்த்தரப்பு பதில் மனுவில் "தவிர, அவருடைய சாகுபடி நிலம் சங்க எல்லைக்குள் இல்லை" என்றது. தள்ளுபடி ஆணையில் அது இல்லை. 1977-ல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சட்டபூர்வ அலுவலரின் ஆணை அதில் எழுதியுள்ள காரணத்தில்தான் நிற்க வேண்டும், பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்த்து அதைத் தூக்கி நிறுத்த முடியாது. இந்த ஆட்சேபணையை முதல் வாய்தாவிலேயே எழுத்தில் எடுக்காவிட்டால், விசாரணை நில எல்லைக்குள் நுழைந்து கிராம நிர்வாக அலுவலர் சாட்சியம்வரை போய்விடும்.

தேர்தல் அலுவலர் பக்கமும் ஒரு வார்த்தை. "விதிப்படி தள்ளுபடி" என்று எழுதும் அலுவலர், நல்ல காரணத்தை வைத்துக்கொண்டே வழக்கில் தோற்கிறார். "உறுப்பினர் எண் இன்னது, கடன் கணக்கு எண் இன்னது, தவணைத் தேதி இன்னது, பரிசீலனை நாளன்று தவறிய தொகை இவ்வளவு, கடன் பேரேடு பக்கம் பார்வையிடப்பட்டது, வேட்பாளரிடம் காட்டப்பட்டது, அவர் சொன்ன விளக்கம் இது, ஆகவே பிரிவு 34-இன் கீழ்த் தகுதியில்லை" என்று 6 வரி எழுத 10 நிமிடம் ஆகும். மாலை 5 மணிக்குள் 14 மனு பார்க்க வேண்டிய அலுவலருக்கும் அந்த 10 நிமிடம் கிடைக்கும்.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்

மனுத் தாக்கலுக்கு முன்: செயலாளர் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் உள்ள நிலுவையில்லாச் சான்று. தர மறுத்தால் பதிவுத் தபாலில் கேட்டு, நகலைத் துணைப்பதிவாளருக்கும் அனுப்பிய ரசீது. பாக்கி இருந்தால் மனுப் போடும் நாளுக்கு முன்பே கட்டி, ரசீதில் கடன் கணக்கு எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பரிசீலனை அன்று காலையில் கட்டிவிட்டு வாதாடுவது தேவையற்ற துணிச்சல். தாக்கலின்போது: நேரமும் வரிசை எண்ணும் உள்ள ஒப்புகைச் சீட்டு, இணைப்புகளோடு முழுப் படிவத்தின் ஒளிப்படம். பரிசீலனையில்: தள்ளுபடி ஆணையின் நகல். கொடுக்காவிட்டால் அன்றே ஒரு கடிதம், ஒப்புதல் கையெழுத்து மறுக்கப்பட்டால் மின்னஞ்சலும் தபாலும். செல்பேசிக் காணொளியை நம்பினால், பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63-இன் கீழ் மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தச் செல்பேசியை விற்றுவிடக் கூடாது.

சங்கத்துக்கே தகவல் உரிமை மனுப் போட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. அரசின் கணிசமான நிதியில் இயங்காத சங்கம் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வராது என்று 2013-ல் தலப்பாலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, பதிவாளர் தன் சட்ட அதிகாரத்தால் சங்கத்திடமிருந்து பெறக்கூடிய தகவலைக் கேட்டால் தர வேண்டும் என்கிறது. ஆகவே மனு துணைப்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். கேள்வி வேண்டாம், ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேட்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் இருப்பது, இங்கே இல்லாதது

மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டத்தின் பிரிவு 152ஏ இந்த ஒரே பிரச்சினைக்காக எழுதப்பட்டது. மனு தள்ளுபடியானவர் 3 நாளில் மேல்முறையீடு செய்யலாம். 10 நாளில் முடிவு. அந்த முடிவே இறுதி. பரிசீலனைக்கும் வாபஸ் கடைசி நாளுக்கும் இடையே குறைந்தது 15 நாள் விட வேண்டும் என்பதால், ஓட்டுப் போடும் முன்பே மேல்முறையீடு முடிந்துவிடும். ஏற்கப்பட்ட மனுவை எதிர்த்து இந்த வழியில் போக முடியாது. தள்ளப்பட்டவருக்கு மட்டும் இந்த வாசல். வக்கீல் பேச்சில் சிக்கும் சின்னச் சின்னக் குறைகள் ஓட்டுப்பதிவுக்கு முன்பே ஒழிந்துபோகின்றன. தமிழ்நாட்டில் மனு, பரிசீலனை, வாபஸ் மூன்றும் அடுத்தடுத்த நாள்களில் ஓடி முடியும்போது 412-க்கும் 421-க்குமான தகராறு ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. 2018-ல் வந்த குழுக்களின் 5 ஆண்டுப் பதவிக்காலம் 2023-ல் முடிந்தது. அதுவரை முடியாத வழக்கில் ஜெயித்தும் பயனில்லை.

கடைசியாக, கோரிக்கைப் பத்தி. "தேர்தலை ரத்து செய்க" என்று மட்டும் கேட்டு உத்தரவு வாங்கினால், புதிய அறிவிப்பு, புதிய மனு, மறுபடியும் அதே பரிசீலனை மேசை. இடையில் தனி அலுவலர் நிர்வாகம். அதற்குப் பதில், தள்ளுபடி ஆணை செல்லாது என்று அறிவித்து, என் மனுவை ஏற்கப்பட்ட மனுவாகக் கொண்டு, அதே இறுதி வாக்காளர் பட்டியலின்படி, வாபஸ் கட்டத்திலிருந்து அந்தப் பிரிவுக்கு மட்டும் தேர்தலைத் தொடர வேண்டும் என்று கேட்க வேண்டும். மாதிரி நிகழ்வில் இரண்டாமவர் அப்படிக் கேட்டால், மறுநாளே சின்னம் ஒதுக்கும் கட்டத்துக்குப் போகலாம்.